என் குரலில் கத்திய அக்கா

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு மருந்துக் கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவில் அந்தக் கொமினிக்கேசன் கடை இருந்தது. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பார்கள், கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பார்கள், அடையாள அட்டைக்கு லமினேற் போடுவார்கள். அங்கே வேலை செய்தவரை எல்லோரும் போட்டோக்கொப்பி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் இயந்திரத்தால் வந்ததென்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். உண்மையில் அது அவருடைய குணத்தால் வந்தது.

யாராவது கையால் எழுதிய தாளைக் கொடுத்தால், அதை மேசையில் வைத்து, முதல் வரிக்குக் கீழே ஒரு மர அடிமட்டத்தை வைப்பார். அந்த வரியை ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் ஒரு முறை வாசிப்பார். பிறகு நிமிர்ந்து கேட்பார்.

"இப்பிடியே அடிக்கட்டோ?"

ஓம் என்றால்தான் விரல்கள் அசையும். அடுத்த வரிக்கு அடிமட்டம் இறங்கும். எழுத்துப் பிழை இருந்தால் அதையும் கேட்டுத்தான் திருத்துவார். தானாக ஒரு கமாகூடப் போடமாட்டார்.

ஒருநாள் என் முறைக்காகக் காத்து நிற்கிறேன். எங்கள் பேசாலைப் பக்கத்து முதியவர் ஒருவர் மனுவொன்று சொல்ல, அக்கா அடித்துக்கொண்டிருந்தார். இழுவைப் படகுகள் தன்னுடைய வலையை அறுத்துக்கொண்டு போனது பற்றிய மனு. சொல்லச் சொல்ல முதியவருக்குக் கோபம் ஏறிவிட்டது. கடைசியில் திரும்ப வாசிக்கும்போது, அதே தட்டையான குரலில் அக்கா வாசித்தார்: "இதைச் செய்தவங்கள் நாசமாப் போக."

முதியவர் திடுக்கிட்டார். "அதையும் அடிச்சிட்டியோ பிள்ளை?"

"நீங்கள் சொன்னீங்கள் ஐயா."

"அது கோவத்தில சொன்னது."

"கோவத்தில சொன்னது, அடிக்க வேண்டாமெண்டு நீங்கள் சொல்லேல்லயே."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். முதியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, இருக்கட்டும். அவையும் வாசிக்கட்டும்" என்று கையெழுத்து வைத்துக்கொண்டு போனார்.

அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பொய் எழுதிக்கொண்டு வந்தாலும் அப்படியே அடிப்பார். மூன்று மாதம் வேலை செய்த ஒரு பையன் மூன்று வருட அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். அவன் போன பிறகு சைக்கிள் கடைக்காரர் கேட்டார், பொய்யென்று தெரிந்தும் எப்படி அடித்தீர்கள் என்று. "அது அவற்ற சொல். நான் தொடேலாது" என்றார்.

கடைக்கு வெளியிலும் அப்படித்தான். "நாலு மணிக்கு மை வந்திடும் எண்டு சொன்னீங்கள்" என்று என் அம்மா ஒருமுறை குறைப்பட்டபோது, "வந்திடும் எண்டு சொல்லேல்ல. வரப் பாக்கும் எண்டு சொன்னனான்" என்று அமைதியாகத் திருத்தினார். சண்டைக்காகச் சொன்னதில்லை. தன் வாயிலிருந்து வெளியே போன சொல் வேறு சொல்லாக மாறித் திரும்பி வருவதை அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தோன்றும். ஆட்களுக்கு அது சலிப்பாக இருந்தது. அவரோடு கதைக்கும்போது நீதிமன்றத்தில் நிற்பது போல இருக்கிறதென்று அம்மா சொல்லுவார்.

நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் பார்க்கக் கட்டியிருப்பார். காலையில் வங்காலையிலிருந்து பஸ்ஸில் வருவார், ஐந்தேகாலுக்குத் திரும்பிப் போய்விடுவார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கணவர் இல்லை என்றால், எப்படி இல்லாமல் போனார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் முடித்துவிட்டு, நகரத்தில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் வீடியோப் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆசிரியர் வந்து படிப்பித்தார். கடைசி ஒப்படையாக அவர் தந்தது இதுதான்: ஒரு திகில் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும். முழுப் படம் வேண்டாம். இரண்டு நிமிடம். எடுத்ததை ஆட்களுக்குப் போட்டுக்காட்டி அவர்களிடம் கருத்துப் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். பிறகு எங்கள் படத்தை நாங்களே மதிப்பிட்டு நாலு பக்கத்தில் எழுத வேண்டும். பாதிப் புள்ளி அந்த எழுத்துக்கு.

என்னோடு சேர்ந்து செய்தவன் ரிஸ்வான். எருக்கலம்பிட்டிக்காரன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட குடும்பம் ஊர் திரும்பியபோது கூடவே வந்தவன். கமெரா அவனுடையது, கதை என்னுடையது. ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். இரவு. கதவு தட்டப்படுகிறது. திறக்கிறாள். கத்துகிறாள். கையில் இருந்த கண்ணாடிக் குவளை விழுந்து உடைகிறது. இருட்டு. படத்தின் பெயர். அவ்வளவுதான் கதை. அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. போனில் பார்த்த படங்களிலிருந்து என்று நினைத்தேன்.

வகுப்பில் எல்லோரும் எங்கள் வயது. கதைக்கு வயது வந்த ஒரு பெண் வேண்டும். போட்டோக்கொப்பி அக்காவைக் கேட்போம் என்று சொன்னது நான்தான். அந்த உணர்ச்சியில்லாத முகத்தில் திடீரென்று பயம் வந்தால் பார்ப்பவர்கள் நடுங்கிப்போவார்கள் என்பது என் கணக்கு.

"என்ன செய்யோணும், தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லையக்கா. வீட்டில தனிய இருக்கிறீங்கள். கதவைத் தட்டுவம், திறந்திட்டுக் கத்தோணும்."

கொஞ்ச நேரம் அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவைத் திறக்கிறன்" என்றார்.

ஒரு ஞாயிறு, தேவாலயப் பூசை முடிந்து வந்தார். எருக்கலம்பிட்டியில் ரிஸ்வானின் சாச்சி, அதாவது சின்னம்மா, வீடு புதிதாகக் கட்டி முடித்திருந்தார். ஆனால் அவர்கள் இன்னும் புத்தளத்திலேயே இருந்தார்கள். வெறும் வீடு. பகலை இரவாக்க யன்னல்களுக்கெல்லாம் கறுத்தப் பொலித்தீன் அடித்திருந்தோம். உள்ளே பாண் சுடும் போறணை போலக் கொதித்தது. நான் வெளியே வாசலில் நின்று கதவைத் தட்ட வேண்டும். ரிஸ்வான் எனக்குப் பின்னால் நின்று என் தோளுக்கு மேலால் கமெராவைப் பிடித்தான். மேலே ஒரு பொலித்தீன் கூரை.

முதல் தடவை தட்டினேன். கதவு திறக்கும் நேரம் பார்த்து ஒழுங்கையில் கழுதையொன்று கனைத்தது. மூன்று பேருமே சிரித்தோம். அக்காவும் சிரித்தார். நான் கண்ட அவருடைய ஒரே சிரிப்பு அதுதான்.

இரண்டாம் தடவை தட்டினேன். கதவு திறந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அப்பால், தூரத்தில் எதையோ பார்த்தார். பிறகு கண்கள் இறங்கி என் கால்களில் நின்றன. வலது கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. இடது கை மெல்லப் பின்னால் போய், உள்ளங்கை விரிந்து, பின்னால் நிற்கும் யாருக்கோ வராதே என்று காட்டுவது போல அப்படியே நின்றது. உதடுகள் ஒட்டிக்கிடந்தன. முகத்தில் இருந்து ஏதோ ஒன்று வடிந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வினாடி அப்படி நின்றார்.

"அக்கா, கத்த மறந்துட்டீங்க" என்றான் ரிஸ்வான்.

"மறக்கேல்ல."

"ஒரேயொரு தரம் கத்துங்க அக்கா. அதுதான் படமே."

"கதவைத் திறக்கிறன் எண்டுதான் சொன்னனான். கத்துறன் எண்டு சொல்லேல்ல." பிறகு, எங்கள் இருவரையும் பார்க்காமல், மெல்லிய குரலில், "கத்தினாப் பிள்ளையள் எழும்பிடும்" என்றார்.

"கதையில பிள்ளையள் இல்லையக்கா" என்றேன். "தனியத்தான் இருக்கிறீங்கள்."

திரும்பி அந்த வெறும் மண்டபத்தைப் பார்த்தார். "ஓம். தனிய எண்டுதான் சொன்னீங்கள்" என்றார்.

எடுத்ததைக் கமெராவின் சின்னத் திரையில் போட்டுக்காட்டச் சொன்னார். முழுதாகப் பார்த்தார். "இன்னொருக்கா" என்றார். மறுபடியும் பார்த்தார். கண்ணைத் திரைக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கமெராவைத் திருப்பிக் கொடுத்தார். மேலும் இரண்டு தடவை எடுத்தோம். இரண்டிலும் கத்தவில்லை.

வழி ரிஸ்வான்தான் கண்டுபிடித்தான். முகத்தை ஒரே ஒரு வினாடி காட்டுவோம், உடனே குவளை விழுவதற்கு வெட்டுவோம், அதன்மேல் ஒரு கத்தலைப் போடுவோம். கத்தலை யார் போடுவது? நான். எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, போனைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். படத்தில் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அக்கா கத்துகிறார் என்றே இருந்தது. அடுத்த வாரம் ரிஸ்வானுக்குக் கல்யாண வீட்டுப் படம் எடுக்கும் வேலை வந்தது. கமெராவில் இடம் வேண்டும். எடுத்த துண்டுகளையெல்லாம் அழித்தோம். அந்த நாற்பது வினாடியையும்.

படத்தைப் போட்டுக்காட்டிய அன்று முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். அக்காவும் வந்தார், கடைசி வரிசையில் சுவர் ஓரக் கதிரையில் இருந்தார். கத்தல் வந்தபோது முன்வரிசையில் ஒரு பிள்ளை உண்மையிலேயே அழுதது. ஆசிரியர் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். படிவங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தோம். உங்களை மிகவும் பயமுறுத்திய இடம் எது என்ற கேள்விக்கு அநேகமாக எல்லோரும் கத்தல் என்றே எழுதியிருந்தார்கள். ஒரு படிவத்தில் மட்டும், ஒலி என்ற கட்டத்துக்குள், அச்சு எழுத்துப் போன்ற கையெழுத்தில் இரண்டு வசனங்கள் இருந்தன.

"இதில் கேட்கும் சத்தம் என்னுடையதல்ல. நான் கத்தவில்லை."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். போட்டோக்கொப்பி அக்கா கருத்துப் படிவத்தையும் விடவில்லை என்று ரிஸ்வான் சொன்னான். "ஒரு பார்வையாளர் ஒலி பொருந்தவில்லை எனக் கருதினார்" என்று எங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டோம்.

சுயமதிப்பீட்டை நான் எழுதினேன். வெளிச்சம், ஒலி, வெட்டு, நடிப்பு என்று தலைப்புகள். நடிப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதியது எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "எமது நடிகை எதிர்பார்த்த அளவு பயத்தைக் காட்டவில்லை. இப்படியான நேரத்தில் எந்தப் பெண்ணும் கட்டாயம் கத்துவாள். கத்தாமல் நிற்பது இயல்பாக இல்லை. எனவே வேறொரு குரலைச் சேர்த்து இந்தக் குறையைத் திருத்தினோம்."

அதைத் தட்டச்சு செய்ய அக்காவிடமே கொண்டுபோனேன். எங்கள் எல்லா வேலையும் அங்கேதான் நடக்கும், அந்தப் பழக்கத்தில் போனேன். ஒருவரைப் பற்றிக் குறை எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறோம் என்ற கூச்சம் எனக்கு வரவில்லை. நடிகை என்று எழுதியிருந்தபடியால் அது அவர் இல்லை என்று ஆகிவிட்டது போல.

அடிமட்டம் வரி வரியாக இறங்கியது. வெளிச்சம் முடிந்தது, ஒலி முடிந்தது. "எமது நடிகை எதிர்பார்த்த அளவு பயத்தைக் காட்டவில்லை" என்று வாசித்தார். நிமிர்ந்தார். நான் ஓம் என்றேன். அடித்தார். அடுத்த வரி. "இப்படியான நேரத்தில் எந்தப் பெண்ணும் கட்டாயம் கத்துவாள்."

இந்த முறை நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"கட்டாயம் எண்டு போட்டிருக்கிறீங்கள். இப்பிடியே அடிக்கட்டோ?"

"ஓமக்கா."

அடித்தார். நாலு பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. தாள்களை ஒன்றாகச் சேர்த்து, விளிம்பைத் தட்டி ஒழுங்காக்கி, மூலையில் ஊசி அடித்து நீட்டினார். வகுப்பிலேயே எங்களுக்குத்தான் கூடிய புள்ளி. முதல் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "நேர்மையான சுயமதிப்பீடு."

அந்த உற்சாகத்தில் ரிஸ்வான் படத்தை முகநூலில் போட்டான். மன்னார்த் தீவு முழுக்கப் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், வங்காலை வரைக்கும் பார்த்தார்கள்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் அக்கா பயிற்சி நிலையத்துக்கு வந்து வாசலில் நின்றார். கடை நேரத்தில் அவரை வெளியே நான் கண்டதில்லை. உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தினேன்.

"தங்கச்சி, அந்தப் பெரிய துண்டு இருக்கோ? நான் சும்மா நிண்ட துண்டு."

"அழிச்சிட்டமக்கா."

"எங்கையும் இல்லையோ?"

"எங்கையும் இல்லை. ஏனக்கா?"

அப்போதுதான் சொன்னார். ஒவ்வொரு வசனமாக, கடையில் வாசிக்கும் அதே குரலில் சொன்னார்.

"என்ர மனுசனைக் கொண்டு போகேக்க நான் கத்தேல்ல. சண்டை முடியிறதுக்கு முந்தின வருசம். பிள்ளையள் ரெண்டும் உள்ளுக்குப் படுத்திருந்ததுகள். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு ரெண்டு. வந்தவையிட்டத் துவக்கு இருந்தது. கத்தினா அதுகள் எழும்பி ஓடி வருங்கள். பின்னால கையைக் காட்டிக்கொண்டு நிண்டனான். அவ்வளவுதான்."

நான் இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குக் கிட்ட இருந்தேன்.

"பிறகு விசாரணையில கேட்டவை, கத்தினீங்களோ எண்டு. இல்லை எண்டனான். அயலில கேட்டவை, சத்தம் கேட்டதோ எண்டு. கேக்கேல்ல எண்டு சொல்லியிருக்கினம். நான் 'கொண்டு போனவை' எண்டுதான் சொன்னனான். சிங்களத்தில எழுதேக்க 'வந்தவர்களோட போனார்' எண்டு எழுதிப்போட்டினம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைச்சிட்டன். இப்ப எல்லாக் கடிதத்திலயும் அப்பிடித்தான் இருக்கு. போனார்."

"அக்கா…"

"மாமி, அவற்ற அம்மா, பக்கத்து வளவு. நீ கத்தியிருந்தா நான் ஓடி வந்து காலில விழுந்து என்ர பிள்ளையை மீட்டிருப்பன் எண்டு சொல்லுவா. இவ்வளவு வருசமாச் சொல்லுவா. நான் பயப்படேல்ல, அதால கத்தேல்ல எண்டு நினைக்கிறா. எனக்கும் அண்டைக்கு என்ர முகம் எப்பிடி இருந்ததெண்டு தெரியாது. உங்கட கமெராவிலதான் கண்டன். அதை மாமிக்கு ஒருக்காக் காட்டலாமெண்டு நினைச்சு வந்தனான்."

"மாமி எங்கட படத்தைப் பாத்தவாவோ?"

"யாரோ போனில காட்டியிருக்கினம்."

"என்ன சொன்னவா?"

"'படத்துக்குக் கத்தத் தெரிஞ்சிருக்கு' எண்டு சொன்னவா. அதுக்குப் பிறகு கதைக்கிறேல்ல."

இன்னொரு முறை எடுப்போம், அதே வீட்டில், அதே மாதிரி எடுப்போம் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"இல்லை, தங்கச்சி. இனி எடுத்தா, மாமிக்குக் காட்டவெண்டு நிண்ட முகமா இருக்கும்" என்று எழுந்து போனார்.

ரிஸ்வான் அன்றே படத்தை நீக்கினான். அதனால் என்ன? பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாள் போனது. கடைசியில், அந்த முகம்தான் இல்லை, அதைக் கண்ட நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். சனிக்கிழமை, அக்கா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவரிடம் சொல்லாமல் வங்காலைக்குப் பஸ் ஏறினேன். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்த பின்னேரம். கோயிலடியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன்.

மாமி முற்றத்தில் சாக்கு விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார். பெரிய உடம்பு, காலில் வீக்கம். நான் யாரென்று சொன்னதும் கிளறுவதை நிறுத்தினார்.

"அவள் அனுப்பினவளோ?"

"இல்லையம்மா. நானா வந்தனான். அவவுக்குத் தெரியாது." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா படத்தில் கத்தவில்லை, எத்தனை முறை கேட்டும் கத்தவில்லை, கத்தியது நான். அவர் வாசலில் நின்ற மாதிரியையும் முகத்தையும் பின்னால் நீட்டிய கையையும் எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். மாமியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அது உன்ர குரலெண்டு நான் என்னெண்டு நம்புறது?"

"மாதா சத்தியமா அம்மா."

"சத்தியம் வேண்டாம். கத்து பாப்பம்."

நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோழிக்கூட்டடியில் கத்தியது போலவே கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது வேலிக்கு மேலால் ஒருவர் அலவாங்கோடு குதித்துக்கொண்டிருந்தார். படலையைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்தியின் கையில் மீன் செதில். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பின்வளவிலிருந்து ஒரு கிழவர் வெறும் மேலோடு வந்தார். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. என்ன, என்ன என்று கேட்டார்கள்.

"ஒண்டுமில்லை. பிள்ளை பாம்பெண்டு பயந்திட்டுது" என்றார் மாமி.

ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் போனார்கள். படலை சாத்தப்படும் வரை மாமி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குரல் உன்ரதுதான்" என்றார். உடனேயே, "பாத்தியோ, எத்தனை பேர் ஓடி வந்தவை? பாத்தியோ?" என்றார். சாக்கில் நெத்தலிக்கு நடுவில் இருந்துகொண்டு, மார்பில் அறைந்து அறைந்து மகனின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். எழுப்பி உள்ளே கொண்டுபோகப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். நான் அக்காவைக் காப்பாற்றப் போய், அவர் கத்தியிருக்க வேண்டும் என்று மாமிக்குக் கண்முன்னால் காட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த மாமி போன வருடம் காலமாகிவிட்டார். இல்லாவிட்டால் இனி வருவதை எழுதியிருக்க மாட்டேன். கொமினிக்கேசன் இப்போது போன் கடையாகிவிட்டது. அக்கா பெரிய மகளோடு வவுனியாவில் இருக்கிறார் என்று கேள்வி. இப்போது நானும் பிள்ளைகள் எடுக்கும் இரண்டு நிமிடப் படங்களுக்குப் புள்ளி போடுகிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பெண்ணைக் கதவடியில் நிறுத்திக் கத்த வைக்கிறார்கள். யாருடைய கதவு அது என்று கேட்பேன். பிள்ளைகள் முழிப்பார்கள்.

வங்காலைக்குப் போய் வந்த அடுத்த திங்கட்கிழமை கடைக்குப் போனேன். ஒருவருக்குக் காணிக் கடிதம் அடித்துக்கொண்டிருந்த அக்கா, என்னை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வந்தவர் போனதும், "மாமி இப்ப கதைக்கிறா. நீங்கள் வந்தனீங்களெண்டு சொன்னவா" என்றார்.

"பிழை செய்திட்டன் அக்கா. நான் கத்தியிருக்கக் கூடாது. ஆக்களெல்லாம் ஓடி வந்திட்டினம்."

"ஓம். எத்தனை பேரெண்டு மாமியைக் கேட்டனான். பதினொரு பேராம். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறா." மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார். "அந்தப் பதினொரு பேரும் அண்டைக்கும் அங்கதான் இருந்தவை, தங்கச்சி. வாகனம் வந்து நிண்டவுடனே ஒவ்வொரு வீடா லைற்றை நூத்து இருட்டாக்கினவை. நான் கதவடியில நிண்டு கண்டனான்."

"மாமி வீட்டிலயுமோ?"

தெருவில் பஸ்ஸொன்று திரும்பிப் போனது.

"மாமி வீட்டு லைற்தான் முதல் நூந்தது."

"இதை ஏனக்கா ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல? விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாமே. மாமியிட்டயாவது—"

"மாமிக்குத் தெரியாததோ? அவ பெத்த பிள்ளை." முதல் தடவையாக அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ என்னைக் குறை சொல்லிப் பேசட்டும். என்னைப் பேச விடாட்டி, பிறகு அவ என்னெண்டு இருப்பா?"

வாசலில் யாரோ அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா எழுந்து, அதை வாங்கி, இயந்திரத்தின் மூடியைத் திறந்தார்.